இன்ஜினைக் கையால் சுற்றுவது: வண்டிக்கும் விரலுக்கும் சேதமில்லாமல்

பைக் பட்டறையில் டேப்பெட் செட் பண்ணுவதை, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வதைப் பலர் பார்த்திருப்பீர்கள். மெக்கானிக் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டுவார். பார்வை முழுக்க இன்ஜின் பக்கவாட்டு மூடிக்குள் தெரியும் ஒரு சின்னக் கோட்டின் மேல் இருக்கும். கோடு நேருக்கு வந்ததும் சக்கரத்தை விட்டுவிட்டு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைக் கையில் எடுப்பார். அவர் செய்தது இன்ஜினைக் கையால் சுற்றியதுதான். பெட்ரோல் எரியவில்லை, ஸ்டார்ட்டர் ஓடவில்லை. பிஸ்டன் மட்டும் அவருக்கு வேண்டிய இடத்தில் வந்து நின்றது.

காரிலும் அதே வேலை உண்டு. டைமிங் பெல்ட் மாற்றினால் சுற்ற வேண்டும். வால்வு இடைவெளி பார்க்க வேண்டுமென்றால் சுற்ற வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கழற்றும்போது, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் திரவத்தால் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் போல்ட்டுகள் ஒவ்வொன்றாக, ஸ்பானர் விடும் ஜன்னலுக்கு நேரே வருவதற்கும் சுற்ற வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டி, வருடக்கணக்கில் ஷெட்டில் தூங்கிய வண்டி இவற்றையெல்லாம் சாவி போடுவதற்கு முன் கையால்தான் சோதிக்க வேண்டும். பைக்கில் சக்கரத்தை உருட்டுவதுபோல் இது அவ்வளவு சுலபம் இல்லை. இடம் குறைவு, இன்ஜின் கனம், தப்பினால் செலவும் பெரிசு. பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளையும், சொந்த வண்டியில் வேலை பழகிப் பார்க்க நினைப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: இந்த வேலைக்கு பலம் வேண்டாம், கையில் என்ன தெரிகிறது என்று கவனித்தால் போதும்.

உள்ளே என்ன சுற்றுகிறது?

இன்ஜினின் முதுகெலும்பு கிராங்க் ஷாஃப்ட். அதன் ஒரு முனையில் பிளைவீல், அதற்கு அப்பால் கியர்பாக்ஸ். மறு முனையில் ஆல்டர்னேட்டர், ஏசி பெல்ட்டெல்லாம் ஓடும் கிராங்க் புல்லி. அந்தப் புல்லியின் நடுவில் ஒரு பெரிய போல்ட் இருக்கும். நாம் இன்ஜினைச் சுற்றப்போவது அந்த போல்ட்டில் சாக்கெட்டும் நீளக் கம்பியும் மாட்டித்தான்.

கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் பிஸ்டன் ஒருமுறை மேலே போய்க் கீழே வரும். காற்றை இழுப்பது, அழுத்துவது, எரிவது, புகையைத் தள்ளுவது என்று நாலு வேலையும் முடிய பிஸ்டன் இரண்டு முறை ஏறி இறங்க வேண்டும். அதாவது கிராங்க் 2 சுற்று, 720 டிகிரி. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் அதே நேரத்தில் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றும். இந்த இரண்டுக்கு ஒன்று கணக்கைக் கட்டிக்காப்பதுதான் டைமிங் பெல்ட் அல்லது டைமிங் செயின்.

இந்தக் கணக்கை மனதில் வைத்திருந்தால் பாதிக் குழப்பம் தீரும். பிஸ்டன் உச்சியில் நிற்பதைப் பட்டறையில் ‘டாப்’ என்பார்கள். ஆனால் 2 சுற்றில் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது. ஒன்று காற்றை அழுத்தி முடித்த டாப், அப்போது எல்லா வால்வும் மூடியிருக்கும். இன்னொன்று புகையைத் தள்ளி முடித்த டாப், அப்போது வால்வுகள் லேசாகத் திறந்திருக்கும். கிராங்க் புல்லியில் இருக்கும் கோட்டை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் கேம் பக்கத்துக் குறியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குறி தெரியாவிட்டால் ஒரு பழைய வழி உண்டு. 1-ம் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையை விரலால் பொத்திக்கொண்டு, இன்னொருவரை மெல்லச் சுற்றச் சொல்லுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தால் அழுத்தும் டாப் நெருங்குகிறது. காற்று தள்ளாமலே பிஸ்டன் ஏறினால் அது மற்றது.

அந்தக் காற்றுதான் கையால் சுற்றுவதைக் கஷ்டமாக்குகிறது. பெட்ரோல் இன்ஜினில் உள்ளே வந்த காற்று சுமார் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நசுக்கப்படும். டீசலில் 16, 17-ல் ஒரு பங்கு. நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஏதாவது ஒரு சிலிண்டர் காற்றை அழுத்திக்கொண்டிருக்கும். நீங்கள் சுற்றும்போது கம்பி கனத்துக்கொண்டே போகும். நிறுத்திப் பிடித்தால் பிஸ்டன் ரிங் வழியாகக் காற்று ‘உஸ்’ஸென்று கசிந்து, கனம் மெல்ல இறங்கும். பிடியை விட்டாலோ கம்பி உங்கள் பக்கமே திரும்பி அடிக்கும்.

பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரெஸர் லீவரை இழுத்துக் காற்றை வெளியேற்றி, பிஸ்டனை டாப்புக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, அப்புறம்தான் உதைப்பார்கள். அவசரப்பட்டு உதைத்தவர்களின் முழங்காலுக்கு மீதி தெரியும். காரில் அப்படி லீவர் கிடையாது. பிளக்குகளைக் கழற்றுவதுதான் நம் டீகம்ப்ரெஸர்.

வண்டியைத் தூங்க வைப்பது

கம்பியைத் தொடுவதற்கு முன், இந்த இன்ஜின் தானாக உயிர்பெற வழியே இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியென்றால் ரிமோட்டைக் காருக்குள்ளோ பக்கத்திலோ வைக்காமல் தள்ளி, வேறு அறையில் வையுங்கள். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். முதலில் நெகட்டிவ் ஏன் என்று கேட்பார்கள். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பானர் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட். தீப்பொறி பறக்கும், ஸ்பானர் ஒட்டிக்கொள்ளும். நெகட்டிவைக் கழற்றிவிட்ட பிறகு அந்த ஆபத்து இல்லை.

கையால் இவ்வளவு மெதுவாகச் சுற்றினால் இன்ஜின் எங்கே ஸ்டார்ட் ஆகப்போகிறது என்று நினைக்க வேண்டாம். பாயின்ட் (திறந்து மூடும் சின்ன மின் சுவிட்ச்) வைத்த பழைய இக்னிஷனில், சாவி ஆன் நிலையில் இருந்தால், பாயின்ட் திறக்கும் நொடியில் பிளக்கில் தீப்பொறி வரும். எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் வரும். உள்ளே கொஞ்சம் பெட்ரோல் ஆவி மிச்சமிருந்தால் ஒரு அடி அடித்துவிட அது போதும். புது வண்டிகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று அதை நம்பிக் கையைக் கொடுப்பதும் சரியில்லை. தவிர, ரேடியேட்டர் மின்விசிறி சில வண்டிகளில் சாவி எடுத்த பிறகும், இன்ஜின் சூடாக இருந்தால் தானாகச் சுற்றத் தொடங்கும். நம் கை இருப்பது அதற்குப் பக்கத்தில்தான். பேட்டரி வயரைக் கழற்றினால் இரண்டு பயமும் ஒன்றாகத் தீரும்.

ஹைப்ரிட் கார்களை இந்தக் கட்டுரையோடு சேர்த்து எண்ண வேண்டாம். அங்கே இன்ஜினோடு பெரிய மோட்டாரும் உயர் மின்னழுத்த பேட்டரியும் பிணைந்திருக்கின்றன. அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் பார்க்கட்டும்.

கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்கிலேயே இருக்கலாம், இன்ஜின் தாராளமாகச் சுற்றும். ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இரண்டும் வேண்டும். முன்பக்கத்தைத் தூக்கியிருந்தால் ஜாக்கியை நம்பி வேலை செய்யாதீர்கள், ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். கம்பியை அழுத்தி இழுக்கும் ஆட்டத்துக்கு ஜாக்கி சரியும்.

இன்ஜின் ஆறியிருக்கட்டும். சூட்டோடு பிளக் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்து வரும் அபாயம் உண்டு. கழற்றும் முன் பிளக் குழியை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். அங்கே தேங்கிய மணலும் தூசியும், பிளக் வெளியே வந்ததும் நேராக சிலிண்டருக்குள் விழும். கழற்றிய பிளக்குகளை முட்டை அட்டையில் வரிசையாக வைத்துக்கொள்வது என் பழக்கம். 1-ம் சிலிண்டர் பிளக் 1-ம் குழியில். பிறகு ஒவ்வொரு பிளக்கின் முனை நிறத்தைப் பார்த்தே எந்த சிலிண்டர் எப்படி எரிகிறது என்று சொல்லலாம்.

எங்கே பிடிப்பது, எந்தப் பக்கம் சுற்றுவது?

மாருதி, டொயோட்டா போன்ற முன்சக்கர இழுவை கார்கள் பெரும்பாலானவற்றில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். கிராங்க் புல்லி நம் ஊர் டிரைவர் பக்கத்தில், வலது முன் சக்கரத்துக்கு நேராக இருக்கும். மேலிருந்து பானெட்டைத் திறந்து பார்த்தால் கைவிட இடம் இருக்காது. வலது முன் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பை எடுத்தால் புல்லி பளிச்சென்று தெரியும். பொலேரோ, சுமோ மாதிரி நெடுக்காக இன்ஜின் வைத்த வண்டிகளில் புல்லி ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும்.

போல்ட் பெரும்பாலும் 17 முதல் 22 மி.மீ வரை ஏதாவது ஓர் அளவில் இருக்கும். ஆறு முனை சாக்கெட்டைப் போடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் தேய்ந்திருந்தால் நழுவி, போல்ட்டின் தலையை உருட்டிவிடும். அதோடு ஒன்றரை முதல் இரண்டு அடி நீளக் கம்பி. அதற்கு மேல் நீளம் வேண்டாம். குழாயை மாட்டி நீட்டிக்கொள்வதை இந்த வேலையில் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கம்பி நீளமாகிவிட்டால், உள்ளே ஏதோ தடுக்கிறது என்பது கைக்குத் தெரியாமல் போய்விடும்.

கேம் ஷாஃப்ட்டின் போல்ட்டைப் பிடித்து இன்ஜினைச் சுற்றாதீர்கள். மொத்தப் பாரமும் டைமிங் பெல்ட்டின் பல்லில் விழும். ஆல்டர்னேட்டர் நட்டைப் பிடித்துச் சுற்றுவதும், விசிறிப் பெல்ட்டைக் கையால் இழுப்பதும் அப்படித்தான். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் விரல் போவதற்கு அதைவிட நேரான வழி கிடையாது.

திசைக்கு வருவோம். புல்லியை நேருக்கு நேராகப் பார்த்து நின்றால், பெரும்பாலான கார் இன்ஜின்கள் வலஞ்சுழியாக, கடிகார முள் போகும் பக்கம் சுற்றும். போல்ட்டை இறுக்கும் திசையும் அதுதான் என்பதால் சுற்றும்போது போல்ட் கழன்றும் வராது. பழைய ஹோண்டாக்கள் விதிவிலக்கு. டி வரிசை, பி வரிசை இன்ஜின்கள் இடஞ்சுழியாகச் சுற்றுபவை. நம் ஊருக்கு முதலில் வந்த ஹோண்டா சிட்டியில் இருந்தது டி வரிசைதான். ஏன் அப்படி என்பது எனக்குப் பிடித்த விஷயம். அந்த வண்டிகளில் இன்ஜின் இடம் மாறி உட்கார்ந்திருக்கும், புல்லி இடது பக்கம் பார்த்திருக்கும். குறுக்கே உட்கார்ந்த இன்ஜின் பெரும்பாலும் கார் முன்னால் போகும்போது சக்கரம் உருளும் அதே பக்கம்தான் சுற்றுகிறது. காரின் வலது பக்கம் நின்று பார்த்தால் அந்த உருளல் வலஞ்சுழி, இடது பக்கம் நின்று பார்த்தால் இடஞ்சுழி. அவ்வளவுதான். ஆனாலும் ஊகத்தை நம்பாமல், உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் திசையைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

திசை தப்பினால் என்ன ஆகும்? கியர் சைக்கிளில் பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் செயின் கழன்று விழுவதை நினைத்துப் பாருங்கள். இன்ஜின் முறையான திசையில் சுற்றும்போது டைமிங் பெல்ட்டின் ஒரு பக்கம் விறைப்பாக இருக்கும், மறு பக்கம் தளர்வாக. அந்தத் தளர்வை அழுத்திப் பிடிக்கத்தான் டென்ஷனர் வைத்திருக்கிறார்கள். எதிர்த் திசையில் சுற்றினால் தளர்வும் விறைப்பும் இடம் மாறிக்கொள்ளும். இழுவை டென்ஷனர் மேல் வந்து அதை உள்ளே தள்ளும், பெல்ட் ஒரு பல் தாவலாம். செயின் வைத்த இன்ஜின்களில் பல டென்ஷனர்கள் ஆயில் பிரஷரில் நிற்பவை. நாள்கணக்கில் நின்ற வண்டியில் அந்த ஆயில் வடிந்திருக்கும். அங்கே பின்னால் சுற்றுவது இன்னும் ஆபத்து. குறியைத் தாண்டிக் கொஞ்சம் கூடப் போய்விட்டால் பின்னால் இழுக்காதீர்கள். முன்னாலேயே இன்னும் 2 சுற்று சுற்றித் திரும்ப அந்த இடத்துக்கு வாருங்கள். ஐந்து நிமிடம் வீணாகும், அவ்வளவே.

சுற்றும்போது

கம்பியை உங்களை நோக்கி இழுக்கும் நிலையில் மாட்டுங்கள். தள்ளும்போது சாக்கெட் நழுவினால் முழு உடம்பும் முன்னால் போகும், விரல் முட்டி சேசிஸில் மோதும். பெருவிரலைக் கம்பியைச் சுற்றி வளைக்காமல் மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வையுங்கள். இது ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்த காலத்துப் பாடம். அம்பாசிடர் மாதிரி பழைய வண்டிகளில் முன் பம்பர் வழியாக ஹேண்டிலை நுழைத்துச் சுற்றுவார்கள். இன்ஜின் திருப்பி அடித்தால் வளைந்த பெருவிரல்தான் முதலில் உடையும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டரை 1912-ம் ஆண்டு மாடலில் காடிலாக் பொருத்தியது. அது பெரிதாகக் கொண்டாடப்பட்டதற்கு இப்படி உடைந்த கைகளும் ஒரு காரணம். நாம் பிளக்கைக் கழற்றி, பேட்டரியைத் துண்டித்துவிட்டதால் அப்படி அடிக்க வழியில்லை. இருந்தாலும் பழக்கம் நல்ல பழக்கமாகவே இருக்கட்டும்.

இப்போது இழுங்கள், மெதுவாக. ஒரு சுற்றுக்கு அரை நிமிடம் எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. பிளக் இல்லாத ஓட்டைகளிலிருந்து பெருமூச்சு விடுவதுபோல் காற்று போய் வரும். கம்பி ஒரே சீராகச் சுற்றும் என்று எதிர்பார்க்காதீர்கள். கேமின் மேடு வால்வு ஸ்பிரிங்கை அழுத்தும்போது கொஞ்சம் கனக்கும், மேட்டைத் தாண்டியதும் ஸ்பிரிங் தள்ளுவதால் கம்பி லேசாகத் தானே முன்னால் ஓடும். கனம், ஓட்டம், கனம், ஓட்டம் என்று ஒரு தாளம் இருக்கும். முதல்முறை செய்பவர்கள் இந்த ஓட்டத்துக்குப் பயந்து கையை எடுத்துவிடுவார்கள். அது இயல்புதான்.

பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. கனமே இல்லாமல் போய்க்கொண்டிருந்த கம்பி ‘டொக்’கென்று நிற்கும். ரப்பரில் இடிப்பது போலிருக்காது, கல்லில் இடிப்பது போலிருக்கும். காற்றின் தடை என்றால் மெல்ல மெல்லக் கூடும், பிடித்திருந்தால் கசிந்து குறையும். இரும்பு இரும்பில் மோதினால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. இந்த இரண்டு தடையின் வித்தியாசத்தைக் கை கற்றுக்கொண்டால் பாதி மெக்கானிக் ஆகிவிட்டீர்கள். ஸ்டார்ட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அது முட்டிக்கொண்டே சுற்றப் பார்க்கும். அதனால்தான் டைமிங் வேலை முடிந்ததும் முதல் 2 சுற்றைக் கையால் சுற்றச் சொல்கிறார்கள்.

டொக்கென்று நின்றால் அதே இடத்தில் நிறுத்துங்கள். ‘கொஞ்சம் அழுத்திப் பார்க்கலாமா’ என்ற யோசனையே வேண்டாம். முதலில் எளிய காரணங்களைப் பாருங்கள். கியர் விழுந்து கிடக்கிறதா? பிளைவீலைப் பூட்டி வைத்த கம்பியோ கேமைப் பூட்டிய ஊசியோ எடுக்காமல் விட்டோமா? ஏசி கம்ப்ரெஸரோ ஆல்டர்னேட்டரோ ஜாமாகி இருக்கலாம். வெளிப் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் தெரிந்துவிடும். பிளக் ஓட்டை வழியாக நட்டோ வாஷரோ உள்ளே விழுந்ததா? இது எதுவும் இல்லையென்றால், பிஸ்டன் வால்வில் முட்டுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பல இன்ஜின்களில் வால்வு இறங்கும் இடத்துக்கே பிஸ்டனும் ஏறி வரும். இரண்டும் வேறு வேறு நேரத்தில் வருவதால்தான் மோதுவதில்லை. அந்த நேரத்தைக் காப்பது டைமிங் பெல்ட். பெல்ட்டைக் கழற்றிய பிறகு கிராங்க்கையோ கேமையோ தனியாகச் சுற்றினால் மோதல்தான். ஒன்றரை அடிக் கம்பியில் கொஞ்சம் அழுத்தினாலே ஒரு வால்வு வளைந்துவிடும். அதைச் சரிசெய்ய ஹெட்டை இறக்க வேண்டும். கேமைத் தனியாகச் சுற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால், நாலு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க்கை டாப்பிலிருந்து கால் சுற்று தள்ளி நிறுத்துவார்கள். அந்த இடத்தில் நாலு பிஸ்டனும் ஏறத்தாழ பாதி வழியில் நிற்கும், எந்த வால்வுக்கும் எட்டாது. மூன்று சிலிண்டரில் அப்படி எல்லாமே பாதியில் நிற்கும் இடம் கிடையாது; மேனுவல் சொல்லும் கோணத்தை அப்படியே பின்பற்ற வேண்டும்.

பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஸ்க்ரூ டிரைவரை பிளக் ஓட்டையில் விடுபவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓட்டை சாய்வாக இருந்தால் பிஸ்டன் மேலே வரும்போது ஸ்க்ரூ டிரைவர் சிக்கிக்கொள்ளும், பிஸ்டன் தலையைக் கீறும், பிளக் மரையைக் கெடுக்கும். இளநீர்க் கடையில் கொடுப்பார்களே, அந்த நீளமான பிளாஸ்டிக் ஸ்ட்ரா போதும். பிஸ்டன் ஏறினால் ஸ்ட்ராவும் ஏறும், உச்சியில் ஒரு கணம் அசையாமல் நிற்கும், அப்புறம் இறங்கும். சிக்கினாலும் வளைந்து கொடுக்கும். வெடித்துக் கிழிந்த ஸ்ட்ராவை மட்டும் போடாதீர்கள், துண்டு உள்ளேயே தங்கிவிடும்.

இருவர் சேர்ந்து வேலை செய்தால், கம்பியைப் பிடித்திருப்பவர் ‘சுத்துறேன்’ என்று சொல்ல வேண்டும். மற்றவர் ‘சரி’ என்ற பிறகுதான் கம்பி அசைய வேண்டும். மேலே டைமிங் பெல்ட்டின் பல்லை எண்ணிக்கொண்டிருப்பவரின் விரல் எங்கே இருக்கிறது என்பது கீழே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

தண்ணீர் புகுந்த இன்ஜின்

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் தெருத்தெருவாகக் கார்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் ‘ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம்’ என்று சாவி போடத்தான் யாருக்கும் கை துறுதுறுக்கும். அந்த ஒரு திருகலில் இன்ஜின் போய்விடக்கூடும்.

கணக்கைப் பாருங்கள். ஸ்விஃப்ட் உட்படப் பல கார்களில் ஓடிய ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் 1248 சிசி. ஒரு சிலிண்டருக்கு 312 சிசி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 20 மில்லிகூட இருக்காது. இருமல் மருந்து மூடியால் இரண்டு மூடி. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் உச்சிக்குப் போக இடமில்லை. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. ஸ்டார்ட்டர் தள்ளினால், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையலாம்.

அதனால் வெள்ளத்தில் நின்ற வண்டியில் முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றிய பிறகே மற்றது. ஏர் ஃபில்டர் பெட்டி நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளக்குகள் அத்தனையும் வெளியே வர வேண்டும். ஓட்டைகளின் மேல் ஒரு துணியைத் தளர்வாகப் போட்டு, முகத்தை அந்தப் பக்கம் காட்டாமல் மெல்லச் சுற்றுங்கள். தண்ணீர் இருந்தால் ஓட்டை வழியாகக் கொப்பளித்து வரும். வரட்டும், அதற்குத்தான் சுற்றுகிறோம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் குடித்து நின்ற இன்ஜின் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. கையால் சுற்றும்போது எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் ராடு கொஞ்சம் வளைந்திருக்கும். வளைந்த ராடு குட்டையாகிவிடும், அந்த பிஸ்டன் மற்றவை அளவுக்கு உயரம் ஏறாது. பிளக் ஓட்டை நேராக இருக்கும் இன்ஜினில், ஒரே நீள மரக்குச்சியால் ஒவ்வொரு சிலிண்டரின் உச்சியையும் அளந்து பார்த்தால் ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூடப் பிடிபடும்.

நெடுநாள் நின்ற வண்டிக்குத் தண்ணீர் பிரச்சினை இல்லை, வறட்சிதான் பிரச்சினை. ரிங்குகள் சிலிண்டர் சுவரில் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் ஒரு தேக்கரண்டி, 5 மில்லி இன்ஜின் ஆயில் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். அதற்கு மேல் ஊற்றினால் மேலே சொன்ன தண்ணீர்க் கதையே ஆயிலில் நடக்கும். மறுநாள் மெல்ல இழுத்துப் பாருங்கள். வரவில்லையா, இன்னும் ஒரு நாள் ஊறட்டும்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பார்க் பிளக் இல்லாததால் காற்றை வெளியேற்ற, சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கையோ டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையோ கழற்ற வேண்டியிருக்கும். குளோ பிளக் உள்ளேயே முறிந்துகொள்ளும் சாமான். காமன் ரெயில் இன்ஜெக்டர் குழாய்களில் வரும் டீசல் தோலைக் கிழித்துக்கொண்டு போகும் அழுத்தத்தில் இருக்கும். பழகாமல் தொடாதீர்கள். எதையும் கழற்றாமல் டீசலைச் சுற்றலாம், முடியாதது இல்லை. ஆனால் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் நிறுத்தி, காற்று கசியக் காத்திருந்து, மறுபடி இழுக்க வேண்டும்.

போல்ட் எட்டாவிட்டால்

தொடக்கத்தில் சொன்ன பைக் வழி காரிலும் ஓடும், மேனுவல் கியர் வண்டியாக இருந்தால். முன்சக்கர இழுவை காரில் ஒரு முன் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, அந்தச் சக்கரத்தை முன்பக்கமாக உருட்டினால் இன்ஜின் சரியான திசையில் சுற்றும். இரண்டு சக்கரத்தையும் தூக்கிவிட்டு ஒன்றை உருட்டினால் இன்ஜின் சும்மா நிற்கும், எதிர்ப்பக்கச் சக்கரம் பின்னால் உருளும். இரு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் செய்யும் வேலை அது. ஆட்டோமேட்டிக்கில் இந்த வழியே கிடையாது, சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருப்பது வெறும் திரவம்தான்.

வால்வு இடைவெளி பார்க்க இது போதும். டைமிங் குறியை மயிரிழை சுத்தமாக நிறுத்த இது ஆகாது, கியர்களுக்கு இடையே இருக்கும் ஆட்டம் கையில் தெரியும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியை கியரில் போட்டு ஆட்களை வைத்துத் தள்ளிச் சுற்றுவதை, ஒருவர் பானெட்டுக்குள் கை வைத்திருக்கும்போது செய்யவே கூடாது.

முடித்த பிறகு

டைமிங் பெல்ட் மாட்டியாயிற்று, டென்ஷனர் இறுக்கியாயிற்று. இப்போது கையால் முழுதாக 2 சுற்று. கிராங்க் குறியும் கேம் குறியும் திரும்ப நேருக்கு வர வேண்டும். கேமில் ஒரு பல் தள்ளி நின்றாலும் பெல்ட்டைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

அப்புறம் கம்பி. நான் வேலை பழகிய பட்டறையில் ஒரு மத்தியானம், சாப்பிடப் போன இடைவேளையில் ஒருவர் பேட்டரி வயரை மாட்டிவிட்டு ‘ஒரு தடவை கிராங்க் பண்ணிப் பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்பினார். சாக்கெட்டும் கம்பியும் புல்லி போல்ட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. கம்பி ஒரு வீச்சு வீசி சப்ஃபிரேமில் மோதி வளைந்தது, சாக்கெட் தெறித்து எதிர்ச் சுவரில் குழி விழுந்தது. அந்த வீல் ஆர்ச்சுக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்த முக்காலி காலியாக இருந்தது, நான் கை கழுவப் போயிருந்தேன். அன்றிலிருந்து அந்தக் கம்பியின் பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். சாவியையும் அந்தத் துணியிலேயே முடிந்து வைப்பேன். கம்பியைக் கழற்றிக் கையில் எடுக்காமல் சாவி வராது.

கம்பி வெளியே வந்ததும் பிளக் ஓட்டைகளை மூடிய துணிகளை எண்ணி எடுங்கள். முட்டை அட்டையிலிருந்து பிளக்குகளைக் கையாலேயே மரை பிடித்து ஏற்றி, கடைசி இறுக்கத்துக்கு மட்டும் ஸ்பானர் போடுங்கள். மறைப்பு, சக்கரம், பேட்டரி நெகட்டிவ், அந்த வரிசையில் மாட்டி முடித்துவிட்டு சாவியைப் போடலாம்.